கிளினிக் நாட்களுக்கு இடையில் ஒரு கொப்பி

கே: மனச்சோர்வுக்காக யாழ்ப்பாணம் போய் உளவளத்துணையாளரைப் பார்க்கிறன். ஒரு பயிற்சிக் கொப்பி தந்து எழுதச் சொன்னார். எழுதினால் வருத்தம் மாறுமோ? (குறிகட்டுவானில் கடை வைத்திருப்பவர்)

ப: எழுதிப் பூட்டி வைத்தால் மாறாது. எழுதியதை அவரிடம் கொண்டுபோனால் மாறத் தொடங்கும். அவரோடு இருப்பது ஒரு மணி நேரம். மிச்ச நாளெல்லாம் உங்கள் நினைப்புகளோடு நீங்கள்தான். அந்த மிச்ச நாட்களுக்குத்தான் கொப்பி.

1995இல் உளவியலாளர்கள் கிரீன்பெர்கரும் படெஸ்கியும் எழுதிய பயிற்சிநூல் முதல் இன்றைய கொப்பிகள் வரை பலவற்றில் இருப்பது ஒரே கேள்விகள்: என்ன நடந்தது? மனதில் என்ன ஓடியது? அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன? "வழக்கமாக வாறவர் இன்று முகம் பாராமல் போனார், என்னை வெறுக்கிறார்" என்று ஒரு கட்டத்தில் எழுதுவீர்கள். "நயினாதீவுப் படகு வெளிக்கிடும் நேரம், ஓடினார்" என்று அடுத்த கட்டத்தில் உங்கள் கையே எழுதும். சோர்ந்த மனம் அந்த இரண்டாவது கட்டத்தைத் தானாக நிரப்பாது. அதனால்தான் காகிதம்.

கே: கடல் அடித்தால் படகில்லை, கிளினிக் தவறுது. கொப்பியோடு சமாளிக்கலாமா? (நெடுந்தீவு)

ப: சில நாட்களுக்குச் சமாளிக்கலாம். மாத்திரையை மட்டும் விடாதீர்கள். கைவசம் கூடுதல் நாட்களுக்கு இருக்கட்டும் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எழுதினதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டலாமா என்று உளவளத்துணையாளரிடமும் கேளுங்கள். தனியே எழுதுவதைவிட, "எவ்விடத்தில் நிற்கிறீர்கள்?" என்று ஒருவர் விசாரிக்க எழுதினால் பலன் கூடும் என்பது ஆய்வுகளில் பலமுறை கண்டது. உகண்டாவில் தென்சூடான் அகதிப் பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் படங்கள் நிறைந்த ஒரு கைநூலைக் கொடுத்தபோதும், சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை. குழுவாக இருத்தி, ஒலிப்பதிவு கேட்கவைத்து, கூட ஆளும் வைத்தார்கள்.

கே: குமுதினிப் படகுப் படுகொலையில் உறவை இழந்த வயதானவர்கள் ஊரில் இருக்கினம். நடந்ததை முழுக்க எழுதச் சொல்லலாமா?

ப: தனியே இருந்து எழுதச் சொல்லாதீர்கள். 1986இல் அமெரிக்காவில் உளவியலாளர் பென்னிபேக்கர் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், பட்ட துயரத்தை எழுதவைத்தார். பின்வந்த மாதங்களில், சாதாரண விடயங்களை எழுதிய மாணவர்களைவிட அவர்கள் வைத்தியரிடம் போனது குறைவு. ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் முன்னையைவிடக் கனத்திருந்தது. அவர்கள் சுகதேகிகளான இளையவர்கள். குமுதினியில் அது நடந்த 1985 மே 15ஐச் சுமக்கும் ஒருவரை அந்தக் கனத்தோடு இரவில் தனியே விடுவது எனக்குச் சம்மதமில்லை. கால் நிலத்தில் படுவதை உணர்வது, மூச்சை மெதுவாக விடுவது போன்ற பயிற்சிகளில் தொடங்கலாம். நடந்ததைத் தொடுவது பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, அதுவும் அவர்களே விரும்பினால். எங்கள் மண்ணின் போர்க் காயங்களைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அவை ஊருக்கே பட்டவை, குடும்பமும் சடங்கும் ஊரும் சேர்ந்தே ஆற்ற வேண்டியவை என்று வலியுறுத்தியவர். மே மாத நினைவேந்தலுக்கு அவர்களோடு போய் நில்லுங்கள்.

கே: கனடாவிலிருந்து மகன் இங்கிலீசுப் பயிற்சிநூல் அனுப்பினான். விளங்கேல்லை.

ப: ஒரு சிஆர் கொப்பி வாங்கி நான்கு கட்டம் போடுங்கள். மேலே சொன்ன கேள்விகள் போதும்.

கே: மனிசன் என் கொப்பியை எடுத்து வாசிக்கிறார்.

ப: அது தவறு என்று நேரே சொல்லுங்கள். சொல்வது உங்களுக்கு ஆபத்தென்றால், கொப்பியை வீட்டில் வைக்காதீர்கள். கிளினிக்கில் விடலாமா என்று கேளுங்கள்.

கே: எழுத எழுத சாகலாம் போல இருக்கு.

ப: இப்போதே கொப்பியை மூடி, வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கம் இரவு பகலாக எடுபடும், தமிழிலேயே பேசுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல், கிட்ட உள்ள வைத்தியசாலைக்கு, நெடுந்தீவோ ஊர்காவற்றுறையோ, இன்றைக்கே போங்கள்.