கடந்தைக் கூடும் கம்பளிப் போர்வையும்

ஏங்கண்ணு, போன நோம்பியில மேடையேறி வாசிச்சியே, அது கிதாராட்டமாவா இருந்துச்சு? கடந்தைக் கூட்டுல கல்லெறிஞ்சாப்ல இருந்துச்சு. உங்கம்மாயி பாவம், முந்தானையில காதைப் பொத்திக்கிட்டே, “பேரன் நல்லாத்தான் வாசிக்கறான்”னு பக்கத்துல இருந்தவங்களைச் சமாதானம் பண்ணீட்டிருந்தா.

டிஸ்டார்ஷன் பெடலைக் கொண்டுபோய் நேரா மிக்சர்ல சொருகிப்போட்டு, “அப்புச்சி, இதுதான் ராக்கு”ங்கறே. அன்னூர் சுத்துவட்டத்துல இருபது வருசம் ரேடியோ செட்டுக் கட்டுனவங்கிட்டயா இந்த நாயம்? கிதார் ஆம்ப்புல இருக்கற 12 இஞ்சு ஸ்பீக்கர், 5,000 ஹெர்ட்சுக்கு மேல போற சத்தத்தைச் சரசரன்னு எறக்கிப்போடும். அந்த எறக்கத்தோட கேட்டுத்தான் நம்ம காது பழகிக் கெடக்குது. மேடைப் பெட்டியில ட்வீட்டர் இருக்குதல்ல, அது எதையும் மறைக்காது. கீச்சு, கரகரப்பு அத்தனையும் ஊருக்கே சொல்லிப்போடும், உங்க பெரியம்மாவாட்ட. அவகிட்டப் போய் இதைச் சொல்லி வெச்சறாதே.

அதுக்குத்தான் உன்ற பெடலுக்குள்ள, கிதார்ப் பெட்டியாட்டமா நடிக்கற கேப் சிம்முன்னு ஒண்ணு தூங்குது. நெசப் பெட்டிக்கு முன்னால மைக்கை வெச்சு, ஒரு சத்தத்தை ஓட்டி, பெட்டியும் மைக்கும் சேந்து என்ன பதில் சொல்லுதுன்னு புடிச்சு வெச்சதுதான் அதுக்குள்ள போடற ஐ.ஆர். மைக்கு நடுக்குமிழுக்கு நேரா இருந்தாச் சுள்ளுங்கும். ஓரத்துக்குப் போனா மப்பாயிரும். ரெண்டு விரக்கடை தள்ளி வெச்ச ஐ.ஆரை எடுத்தா, அரை நாள் ஈக்யூ திருகற சோலி மிச்சம். ஆனா ஆம்ப்போட சொந்த ஸ்பீக்கர்ல வாசிக்கறப்ப அந்தக் கேப் சிம்மை அணைச்சுப்போடோணும் சாமி. இல்லீன்னா சித்திரை வெயில்ல கம்பளி மேல கம்பளி போத்துனாப்லதான்.

ஈக்யூல எல்லாத்தையுமே மேல ஏத்தி வெச்சிருக்கியே, அதுக்கு வால்யூமைத் திருகுனாப் போதாதா? நீ தோட்டத்துக்குத் தண்ணி கட்டுனவனா இருந்தாத் தெரியும், எந்த மடையை அடைக்கறதுன்னு. 250 ஹெர்ட்ஸ் பக்கத்துல கொஞ்சம் எறக்கிப் பாரு. சேறு அங்கதான் தேங்குது.

பேஸ் வாசிக்கற உன்ற சிநேகிதன் உனக்கும் மேல. போன்ல கேட்டுப்போட்டு, “அடி பத்தல”ன்னு அடிச்சத்தத்தையே ஏத்தறான். அவனோட தடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர்ல அது எட்டிக்கூடப் பாக்காது. 700, 800 பக்கம் ஏத்துனா, விரல் ஓடறதாச்சும் கேக்கும். இளையராஜா பாட்டுல சசிதரன் வாசிச்ச பேஸ், களத்துமேட்டுல தொங்குன கையளவு டிரான்சிஸ்டர்லயே எனக்குக் கேட்டுச்சு. அடிச்சத்தத்துக்கு நோம்பியில ஜமாப்புக்காரன் இருக்கான், அவன் பாத்துக்குவான்.

செரி செரி, மூஞ்சியத் தூக்காதே. பெடலையெல்லாம் அணைச்சுப்போட்டு, வெறும் கம்பிய ஒருக்கா மீட்டு, கேக்கலாம்.

அட, மூணாவது கம்பி எறங்கிக் கெடக்குதே! இதை வெச்சுக்கிட்டா சாமி, மூணு நாளா ஈக்யூவைத் திருகுனே?