மூன்றாவது கை

கையடக்கக் கருவியில் சுடும் விளையாட்டு ஆடக் குறிபார்க்கும் திறமை போதாது. மூன்றாவது கை வேண்டும். 2006-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த ‘மெட்ராய்ட் பிரைம் ஹன்டர்ஸ்’ சாட்சி. இடது கட்டைவிரல் நடக்கும். இடது ஆள்காட்டி விரல் சுடும். வலது கை, ரசீது எழுதும் கணக்குப்பிள்ளை மாதிரி, குச்சிப் பேனாவால் தொடுதிரையைத் தேய்த்துக் குறிபார்க்கும். இருமுறை தட்டினால் நாயகி குதிப்பாள். எல்லாம் சரி, கருவியை யார் பிடிப்பது? இடது கையில் மிச்சமுள்ள மூன்று விரல்கள். அண்டத்தைக் காக்கும் பொறுப்பு கடைசியில் சுண்டுவிரல் தலையில் விடிகிறது.

பிஎஸ்பி என்ற இன்னொரு கையடக்கக் கருவியில் குமிழ் ஒன்றே ஒன்று. அதை நடப்பதற்குக் கொடுத்துவிட்டால், தலையைத் திருப்ப முக்கோணம், சதுரம், வட்டம் போட்ட பொத்தான்கள்தான் கதி. எதிரியைச் சுட வடிவியல் படிக்கணும்.

2001-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ‘டூம்’ இன்னும் ஒரு படி மேல். திரைக்குப் பின்விளக்கு கிடையாது, ஆட்டமோ இருட்டுக்குள். பிசாசைத் தேடுமுன் ஜன்னலோரம் தேட வேண்டும். பிள்ளைகள் மனம் கெடக்கூடாதென்று ரத்தத்தைப் பச்சையாக்கியிருந்தார்கள். துப்பாக்கியும் ரம்பமும் அப்படியே இருந்தன, அவற்றால் மனம் கெடாது போலும்.

இப்போது நின்டெண்டோ ஸ்விட்சில் கருவியையே சாய்த்துக் குறிபார்க்கலாம். பேருந்தில் ஆடிப் பாருங்கள். ஓட்டுநர் வளைவில் திருப்பினால் நம் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும். பக்கத்து இருக்கைப் பெரியவர் பரிவாகக் கேட்பார்: “கை சுளுக்கா தம்பி?”