தாழமுக்கம் வந்தால்தான் வேம்பு கண்ணில் படும்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகியிருக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் வாய் திறந்தால் போதும், அன்று பின்னேரமே யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கு விலை ஏறிவிடும். ஒன்று மெழுகுதிரி. மற்றது மெசின் வாள்காரரின் நாட்கூலி. பத்து மாதமாக வளவு மூலையில் நின்ற வேம்பு அன்றைக்குத்தான் வீட்டுக்காரரின் கண்ணில் கொலையாளியாகப் படுகிறது. "தம்பி, இண்டைக்கே வந்து தறிச்சுப் போடுங்கோ. இரவு படுக்கப் பயமாக் கிடக்குது."

பயத்தில் பிழையில்லை. 1964 மார்கழியில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் எங்கள் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. 2008இல் நிஷா குடாநாட்டை வெள்ளத்தில் அமிழ்த்தியது. 2020 மார்கழியில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 கார்த்திகைக் கடைசியில் வந்த டித்வா நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இவ்வளவுக்கும் பிறகு பயப்படாதவனுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். ஆனால் இது வருஷத்தில் மூன்று நாள் மட்டும் வரும் பயம். மிச்ச நாள் முழுக்க, அந்த மரம் விழுவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை ஒன்றுவிடாமல் செய்து கொடுப்பவர்கள் நாங்கள்.

முதலில் வேலியைப் பிடுங்குவோம். கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்ற வேலி அது. வருஷத்துக்கு ஒருமுறை குழை வெட்டினால் ஆட்டுக்கும் ஆகும், தோட்டத்துக்கும் ஆகும். காற்றை வடித்து அனுப்பிக்கொண்டும் நின்றது. அது நாகரிகமில்லையாம். ஆகவே ஏழடி மதில். மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது குறுக்கே வரும் வேரை மேசனார் கோடாலியால் இரண்டு கொத்தில் முடித்து வைப்பார். வேம்பின் ஒரு பக்கத்து நங்கூரம் அந்த இரண்டு கொத்தில் போகும். யாரும் அதை மரம் வெட்டியதாகக் கணக்கெடுப்பதில்லை.

அடுத்தது முற்றம். சருகு கூட்டக் கஷ்டம், காலில் மண் ஒட்டுது என்று அடிமரம் வரைக்கும், ஒரு சாண் இடம் விடாமல் இன்ரலொக் கல் பதிப்பார்கள். சாப்பாடும் தண்ணீரும் தேடும் வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் கிடக்கிறது. எங்கள் குடாநாட்டில் பல இடங்களில் அதற்குக் கீழே மண்ணே இல்லை, சுண்ணாம்புக்கல்தான். இருக்கும் அந்த இரண்டடிக்கும் மூச்சுப் போகாமல் மூடிவிட்டு ஐந்தாறு வருஷம் பொறுத்திருந்தால் போதும். மேலே பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். வைகாசியில் தொடங்கும் சோளகத்துக்கும் அசையாது. அந்தக் காற்றோடு மல்லுக்கட்டியே வளர்ந்த மரமல்லவா! கார்த்திகையில் மண் ஊறிச் சேறாகி, காற்று மற்றப் பக்கத்தாலே திரும்பி அடிக்கும்போதுதான் வேர் இல்லாத பக்கம் கிளம்பும். காலையில் ஊர் ஒரே குரலில் சொல்லும்: "புயல் விழுத்திப் போட்டுது."

மதிலுக்கும் கல்லுக்கும் காசு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. அங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. ரொறன்ரோவில், வீட்டு வளவில் நிற்கும் மரம் நெஞ்சளவு உயரத்தில் 30 சென்றிமீற்றர் தடிப்பு இருந்தால், மாநகரசபையின் அனுமதி இல்லாமல் அதன் சொந்தக்காரரே அதை வெட்ட முடியாது. வேரைக் காயப்படுத்தினாலும் குற்றம். மரம் படித்தவரின் அறிக்கை, கட்டணம், ஈடாக நட வேண்டிய கன்று என்று அலுவல் நீளும். ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் அண்ணை இதற்கெல்லாம் முறுமுறுக்காமல் கையெழுத்து வைப்பார். "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் இயற்கையை மதிக்கிறான்" என்று நாலு பேருக்குச் சொல்லியும் திரிவார். அதே அண்ணை அன்றிரவே வட்ஸ்அப்பில் மானிப்பாய் மச்சானைக் கூப்பிடுவார். "உந்த வேம்பைத் தறிச்சு விடடா, வெறும் குப்பை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கை வான் விட இடம் வேணும்." பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு மாதம் நிற்கப்போகும் வாடகை வானுக்கு, அவருடைய பாட்டனார் நட்ட மரம் வழி விடுகிறது. வந்து இறங்கி அரை மணித்தியாலத்தில், "சரியான வெக்கை" என்று ஏசி பூட்ட ஆள் தேடுவதும் அவரேதான்.

தறிக்க மனம் வராத இரக்கவாளிகளும் இருக்கிறார்கள். அவர்கள் மொட்டையடிப்பார்கள். தலையைத் துண்டாக்கி, தூணாக நிற்கும் மரத்தைப் பார்த்து, "இனிப் பயமில்லை" என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். அடுத்த மழைக்கு வெட்டுவாயைச் சுற்றிக் கற்றை கற்றையாகத் துளிர் வரும். "பாத்தியளே, எப்பிடிச் செழிக்குது!" அது செழிப்பல்ல, பட்டினி கிடக்கும் மரத்தின் அவசரம். அந்தத் துளிர்கள் மரத்தின் வைரத்தில் ஊன்றியவையல்ல, தோலோடு தொட்டுக்கொண்டிருப்பவை. வெட்டுவாயால் தண்ணீர் இறங்கிக் கட்டை உக்கும். உக்கிய கட்டையில் தொங்கும் துளிர் சில வருஷத்தில் தொடைப் பருமனாகும். பிறகு வரும் காற்றுக்கு அது கழன்று நேரே கூரையில் இறங்கும். மொட்டையடிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கொப்பே அங்கே இருந்திராது.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தையல்ல. மழை தொடங்குமுன், ஆவணியில், காய்ந்த கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு, கூரைக்கு மேலே நீண்ட கொப்பு ஆகியவற்றை எடுக்கலாம். கொப்பு தண்டோடு சேரும் இடத்துத் தடிப்பை விட்டு வெட்டினால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். ஒரு வருஷத்தில் காற்பங்கு பச்சைக்கு மேலே கைவைக்கக் கூடாது. அடியில் காளான் பூக்கிறதா, ஒரு பக்கத்து மண் வெடித்து எழும்புகிறதா என்று குனிந்து பார்க்கலாம். அப்படிக் கண்டால் தறிக்கத்தான் வேண்டும், அதற்கு ஒப்பாரி தேவையில்லை. ஆனால் ஆவணியில் எங்களுக்குத் திருவிழா. புரட்டாதியில் விரதம். ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் தாழமுக்கம். குனிய எங்கே நேரம்?

மின்கம்பிக்கு வழிவிட வெட்ட வருபவர்கள் கம்பிப் பக்கத்தை மட்டும் வழித்துவிட்டுப் போவார்கள். மிச்சப் பாரம் முழுக்க வீட்டுப் பக்கம் சாயும். கம்பி தப்பியது. கூரை அவர்களுடைய திணைக்களத்தில் வராது.

அரச காரியமும் குறைவில்லை. பலா, பனை போன்றவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும் என்று 1951இலேயே சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் எந்த மரத்தையும் வேரில் சீமெந்து போட்டு மெல்ல மெல்லக் கொல்ல அனுமதி தேவையில்லை. ஆபத்தான மரம் ஒன்றைப் பற்றிச் சொல்லப் போனால் விதானையார் பிரதேச செயலகத்தைக் காட்டுவார், செயலகம் பிரதேச சபையைக் காட்டும், சபை வாகனம் பழுது என்னும். மரம் விழுந்ததும் எல்லோரும் ஓடி வருவார்கள். அனர்த்த அறிக்கையில் பாதிக்கப்பட்ட குடும்பம் இத்தனை, பகுதியளவில் சேதமடைந்த வீடு இத்தனை என்று எண்ணிக்கை பிசகாது. மரத்தை முதலில் யாராவது எண்ணியிருந்தால் வீட்டை எண்ணும் வேலை குறைந்திருக்குமே என்று கேட்பவன் எதிர்க்கட்சிக்காரன்.

இனி மேலே ஏறுகிறவரைப் பற்றி. காற்று எழும்பிய பிறகு, நனைந்த கொப்பில், இடுப்பில் ஒரு பழங்கயிற்றோடு நாற்பதடி உயரத்துக்கு ஒரு மனிதரை அனுப்பிவிட்டு, கீழே குடை பிடித்து நின்று நாங்கள் கத்துவது: "மதில் கவனம் தம்பி!" மதில் கவனமாம். பனையிலும் தென்னையிலும் ஏறி, மரத்தின் பாரத்தையும் சாய்வையும் காலாலேயே அறிந்த தலைமுறையின் பிள்ளை அவர். அவருடைய பாட்டனாரைப் படலைக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையில் தண்ணீர் வார்த்த வீடுகள்தான் இன்று வேர்வைத் துவாயோடு நிற்கும் பேரனிடம் ஐந்நூறு ரூபா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகின்றன. ஆவணியில் கூப்பிட்டிருந்தால் அவரே எந்தக் கொப்பு போகும், எது நிற்கும் என்று சொல்லியிருப்பார். ஆனால் யோசனை கேட்கும் சாதியாக நாங்கள் அவரை வைத்திருக்கவில்லை. காப்புறுதி இல்லை, தலைக்கவசம் இல்லை. விழுந்தால் போதனா வைத்தியசாலை இருக்கிறது, இலவசம்தானே.

2018இல் காலாவதியாகிப்போன எங்கள் வட மாகாணசபை, உயிரோடு இருந்தபோது கார்த்திகையை மரநடுகை மாதமாக்கியது. முடிவு சரியானது. மழையோடு நட்டால் வேர் பிடிக்கும். தறிப்பு உச்சத்தில் நிற்பதும் அதே மாதம் என்பதால் கணக்கும் வசதியாகச் சரிவந்துவிடுகிறது. நாலு தலைமுறை கண்ட வேம்பு ஒன்று போனது, ஒரு முழக் கன்று ஒன்று வந்தது, ஆக மொத்தம் நட்டமில்லை. மாலை போட்ட பிரமுகர்கள் வீதியோரத்தில் கூடுவார்கள். அந்த ஒரு கன்றைப் பிடிக்கப் பதினொரு கை, தண்ணீர் ஊற்ற ஒரு வெள்ளிச் செம்பு. கமராக்காரர் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தால் கன்றுக்கு நேர் மேலே போகும் மின்கம்பியும் படத்தில் விழும். பத்திரிகைக்கு அனுப்பும்போது அதை மட்டும் மறக்காமல் வெட்டிவிடுவார்கள்.