உளுந்துன்னு சொல்லி மிளகு வெலை

ஏண்டா பேராண்டி, விடிஞ்சும் விடியாம திண்ணையில உக்காந்து போனை மொறைச்சிக்கிட்டுக் கெடக்கிற? உங்கம்மா உள்ள பாத்திரம் போடுற சத்தத்துலயே தெரியுது, வூட்ல என்னமோ நடந்துபோச்சு. அவளுக்கு மகளிர் உரிமைத் தொகை வருதே, அந்தக் கணக்குல எவனோ கை வச்சிட்டானாமே? எவனோ என்ன எவனோ, நீதாண்டா. மேட்ச் பாக்கணும்னு அவ போன்ல ஒரு ஆப்பைப் போட்டு, அது கேட்டதுக்கெல்லாம் 'சரி, சரி'ன்னு அமுக்கின. ஆட்டம் முடிஞ்சி கோப்பையைத் தூக்கிக்கிட்டுப் போயே போயிட்டானுவோ. ஆப்பு மட்டும் போவல. மூணு மாசம் கழிச்சி 299 ரூவாயை எடுத்துக்கிட்டு, நன்றின்னு ஒரு மெசேஜும் போட்டுருக்கு. காசை எடுத்துக்கிட்டு நன்றி சொல்ற திருடனை நான் இந்த வயசுலதான் பாக்குறேன்.

திட்டமாட்டேன், வா. வெத்தலைப் பொட்டியை இப்படித் தள்ளு. நம்ம ஊரு உளுந்தாண்டார்கோயில் சாமிக்கு மாஷபுரீஸ்வரர்னு பேரு வந்த கதை தெரியுமா? மாஷம்னா உளுந்து. ஒரு வியாபாரி மிளகு மூட்டையை மாட்டு மேல ஏத்திக்கிட்டு இந்த வழியா வந்தானாம். கெழவன் வேசத்துல சிவன் குறுக்க வந்து, 'மூட்டையில என்னப்பா, மிளகா? கொஞ்சம் குடேன்'னு கேட்டாராம். குடுக்க மனசு வல்ல. 'மிளகும் இல்ல, ஒண்ணும் இல்ல, உளுந்து'ன்னுட்டான். சந்தையில போய் அவுத்தா, அத்தனையும் உளுந்து! அழுதுகிட்டுத் திரும்பி வந்து கால்ல வுழுந்தான். ஊர்ல சொல்ற கதை இது.

அந்த வியாபாரி பாவம்டா, ஏமாளி. மிளகை வச்சிக்கிட்டு உளுந்துன்னு சொன்னான், நஷ்டப்பட்டான். அவன் வம்சத்துல வந்தவன் சூட்சுமத்தைக் கத்துக்கிட்டான். இவனும் உளுந்துன்னுதான் சொல்றான். நம்பி மூட்டையை வூட்டுக்குத் தூக்கியாந்து, ருசி கண்டு, அது இல்லாம சோறு எறங்காதுங்கற நெலைமை வந்ததும், மிளகு வெலைக்குச் சீட்டு நீட்டுறான். சாமி இன்னும் இவன் கண்ணுல படல.

நான் மட்டும் யோக்கியனான்னு கேப்ப. அதையும் சொல்லிடுறேன். எங்க காலத்துல ரேடியோ வச்சிருந்தாலே தபால் ஆபீசுல லைசன்சு எடுக்கணும். வருசா வருசம் பணம் கட்டணும். நான் கட்டல. ஒரு நாள் லைசன்சு பாக்குற ஆளு தெருவுல வர்றார்னு சேதி. டிரான்சிஸ்டரைத் தூக்கி உளுந்துக் குதிருக்குள்ள போட்டு மூடிட்டு, திண்ணையில வந்து சாதுவா உக்காந்துட்டேன். வந்தவரு, 'ரேடியோ இருக்கா பெரியவரே?'ன்னாரு. அப்ப எனக்கு முப்பது வயசு கூட ஆவல, நான் பெரியவராம். 'உளுந்துதாங்க இருக்கு'ன்னேன். சொல்லி வாய மூடல, குதிருக்குள்ளேருந்து செய்தி வாசிக்க ஆரம்பிச்சிட்டான்! நிறுத்த மறந்துட்டேன். அவரு சிரிச்சிட்டு, 'ஒங்க உளுந்து நல்லாப் படிச்ச உளுந்தா இருக்கே'ன்னுட்டு, அபராதம் எழுதிக் கையில குடுத்துட்டுப் போனாரு. அந்த லைசன்சு 1980கள்லயே ஒழிஞ்சிபோச்சு. கேட்டு வாங்குன வரி போயிடுச்சி, கேக்காம எடுக்குற வரி வந்துடுச்சி.

டிவி கதைக்கு வா. மெட்ராஸ் தூர்தர்சன் 1975 ஆகஸ்ட் 15 அன்னிக்கி ஆரம்பிச்சது. பஞ்சாயத்து டிவி முன்னால ஊரே உக்காந்து வெள்ளிக்கெழம பாட்டு பாத்தோம், காசு இல்ல. 2006ல கலைஞர் வூட்டுக்கு வூடு கலர் டிவி குடுத்தாரு. அதுவும் ஓசி. ஆனா எருமையை ஓசியில குடுத்தாலும் வைக்கலைக் காசு குடுத்துத்தான வாங்கணும்? கேபிள்காரரு மாசாமாசம் வந்து நின்னாரு. 2011 செப்டம்பர்ல ஜெயலலிதா அம்மா அரசு கேபிளை மறுபடி தூக்கி நிறுத்தி, 'மாசம் 70 ரூவா'ன்னாங்க. எழுவது ரூவாடா! அப்பறம் டெல்லியில டிராய்னு ஒரு அமைப்பு, 2019 பிப்ரவரியிலேருந்து புதுக் கணக்கு கொண்டாந்தது. 'பாக்குற சேனலுக்கு மட்டும் காசு குடு, பாக்காததுக்கு ஏன் குடுக்குற?'ன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சி. 100 சேனலுக்கு 130 ரூவா, அதுக்கு மேல நூத்துக்கு 18 ஜிஎஸ்டி. கூட்டிப் பாத்தா 153 ரூவா 40 பைசா. அந்த நூறுல நாம பாக்குறது ஆறு இருக்குமா? உங்க ஆயா கேட்ட சீரியலு காசு சேனல்ல. அதுக்குத் தனி. அரசு கேபிளே 220க்கு ஏறி, சனங்க கத்தினதும் அதே வருசம் ஆகஸ்டுல 130க்கு எறங்குச்சி. இதைக் குறிச்சி வச்சிக்க. கத்தினா எறங்கும். ஆனா கேபிள்காரரு வாசல்ல நின்னாரு, அதனால கத்த முடிஞ்சது. ஆப்புகிட்ட எங்கடா போய்க் கத்துவ?

இப்ப உன் கிரிக்கெட்டு. நம்ம பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பரோட்டா கடை இருக்குன்னு வச்சிக்க. ஒருத்தன் பரோட்டா வாங்குனா ஆம்லெட் ஓசிங்கறான். எதிர்க்கடைக்காரன் பரோட்டாவே ஓசிங்கறான். நமக்குக் கொண்டாட்டம். ஏண்டா ஓசின்னு எவனாவது கேட்டமா? 2023ல ஜியோசினிமா ஐபிஎல்லை முழுசா ஓசியில காட்டினான். அதே வருசம் உலகக் கோப்பையை ஹாட்ஸ்டார்காரன் செல்போன்ல ஓசியில காட்டினான். 2024 நவம்பர்ல ரெண்டு கடைக்காரனும் சம்பந்தி ஆயிட்டானுவோ. 2025 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்னிக்கி, ஜியோஹாட்ஸ்டார்னு ஒரே பலகை மாட்டிட்டானுவோ. அப்ப மூணு மாசத்துக்குச் செல்போன்ல மட்டும் பாக்க 149, டிவியிலயும் பாக்க 299ன்னு வச்சானுவோ. அதுலயும் நடுநடுவுல விளம்பரம் வரும். கொஞ்ச நேரம் ஓசியில காட்டுவான், ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்துல தெரையை இழுத்துடுவான். எதிர்க்கடை இருக்கிற வரைக்கும்தாண்டா ஓசி ஆம்லெட்டு.

அவன் மேல மட்டும் குத்தம் சொல்லவும் முடியல. நம்ம ஊரு தெருக்கூத்துக்கு எப்படிக் காசு சேக்குறோம்? தலைக்கட்டு வரி. கூத்து செட்டு அதிகம் கேட்டா வரியும் ஏறும். அவன் எம்மாம் அட்வான்சு குடுத்துருக்கான்னு பாரு. 2018லேருந்து 2022 வரைக்கும் ஐபிஎல் காட்டுற உரிமை 16,347 கோடி சொச்சம். 2022 ஜூன்ல நடந்த ஏலத்துல அடுத்த அஞ்சு வருசத்துக்கு டிவி, செல்போன் எல்லாம் சேத்து 48,390 கோடி! மொத்தம் 410 ஆட்டம். வகுத்துப் பாத்தா ஒரு ஆட்டத்துக்கு 118 கோடி. அந்தக் காசை அவன் அப்பன் வூட்லேருந்தா எடுப்பான்? உன்கிட்டதான் தலைக்கட்டு வரி. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. நம்ம கூத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் பாயைச் சுருட்டிக்கிட்டு வந்து ஓசியில பாத்துட்டுப் போவான், எவனும் வெரட்டமாட்டான். நானே எத்தினி ஊரு கூத்தை அப்படிப் பாத்திருக்கேன். இங்க அதுக்கும் கதவு. சினிமா காட்டுற நெட்ஃபிளிக்ஸ்காரன் 2023 ஜூலையில, 'ஒரு வூட்டுக் கணக்குல அடுத்த வூட்டுக்காரன் பாக்கக் கூடாது'ன்னு பாயைச் சுருட்டச் சொல்லிட்டான். அவனே 2021 டிசம்பர்ல செல்போன் கட்டணத்தை 199லேருந்து 149க்கு எறக்கினவன்தான், அதையும் ஒத்துக்கணும். அதே மாசம் அமேசான்காரன் வருசத்துக்கு 999ஐ 1,499 ஆக்கினான். 2025 ஜூன்லேருந்து படத்துக்கு நடுவுல விளம்பரமும் வுட்டான். விளம்பரம் வேணாம்னா வருசத்துக்கு இன்னும் 699 ரூவா. ஈ மொய்க்காத பலாச்சுளைக்குத் தனி வெலை!

அமெரிக்காவுல இருக்கிறவன் நம்மளவிடக் கெட்டிக்காரன்னு நெனைச்சிடாத. அங்க கேபிள் பில்லு தாங்கலன்னு ஒயரை அறுத்துட்டு, இன்டர்நெட்டுல நேரலை காட்டுற யூடியூப் டிவிக்கு ஓடினானுவோ. 2017ல மாசம் 35 டாலர். 2018ல 40. 2019ல 50. 2020ல 65. 2023ல 73. 2025 ஜனவரியில 83. எட்டே வருசத்துல ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சி. சேனல்காரன் ஏத்துறான், நாங்க என்ன பண்றதுங்கறான். கேபிள்காரன் சொன்ன அதே பல்லவி. அறுத்த ஒயரைத் தேடிக்கிட்டு இருக்கான் இப்போ.

இன்னொரு கூத்து பாரு. நமக்கு மாசம்னா 30, 31 நாளு. செல்போன்காரனுக்கு 28 நாளு. அவன் பஞ்சாங்கத்துல வருசத்துக்கு 13 மாசம். 2024 ஜூலையில ஜியோக்காரன் 239 ரூவா ரீசார்ஜை 299 ஆக்கினான். 13 தடவை போட்டா 3,887 ரூவா. ஆப்புக்கு மூணு மாசத்துக்கு 299ன்னா வருசத்துக்கு 1,196. கூட்டு. ஐயாயிரத்தைத் தாண்டுதா? 'ஒரு நாளைக்கு ஒரு டீ செலவு கூட இல்ல'ன்னுதான் விக்க வருவான். டீ நான் குடிச்சா நிறுத்தத் தெரியும்டா. வேணாம்னா கிளாசைக் கவுத்து வச்சிடுவேன். கவுக்க முடியாத கிளாசா இருக்கே இது?

வயித்தெரிச்சல் எது தெரியுமா? நம்ம உளுந்தை மூட்டை கட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல எறக்குறோம். வியாபாரி வந்து ஒரு கை அள்ளிப் பாக்குறான், ரெண்டு பருப்பைக் கடிச்சித் துப்புறான், 'ஈரம் இருக்கு'ங்கறான், வெலையை அவனே எழுதுறான். 2025-26க்கு உளுந்துக்கு மத்திய அரசு சொன்ன ஆதார வெலை குவிண்டாலுக்கு 7,800 ரூவா. அதுக்குக் கொறைஞ்சி எழுதினாலும் மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கிட்டு வர முடியுதா? நம்ம சரக்குக்கு வாங்குறவன் வெலை சொல்றான். ஆப்புச் சரக்குக்கு விக்கிறவன் வெலை சொல்றான். ரெண்டு பக்கமும் தலையை ஆட்டுறவன் நாமதான். இனிமே தலையைக் கொஞ்சம் நிறுத்தி வச்சிப் பழகு.

எப்படின்னு கேளு, பொடி போட்ட மூளையில பட்டதைச் சொல்றேன்.

முதல்ல, அந்தப் பணம் அனுப்புற செயலியைத் தொற. ஆட்டோபேன்னு ஒரு எடம் இருக்கும். அதுல எவனெவனுக்கு உங்கம்மா கணக்குல கையை வுட அனுமதி குடுத்துருக்கன்னு பாரு. வேண்டாததை ரத்து பண்ணு. போன்லேருந்து ஆப்பை அழிச்சிட்டா காசு எடுக்கிறது நின்னுடும்னு நெனைக்காத. மாட்டை வித்தாலும் கட்டுத்தறி கணக்குல இருக்கும். ரிசர்வ் பேங்க் விதிப்படி, இந்த மாதிரித் தானா எடுக்கிற காசுக்கு 24 மணி நேரம் முன்கூட்டி மெசேஜ் வரணும். ஆனா 15,000 ரூவா வரைக்கும் ஓடிபி கேக்கமாட்டான். மெசேஜு வந்துச்சு, இங்கிலீசுல. உங்கம்மா யாரோ லோன் தர்றேங்கறான்னு தள்ளி வுட்டுட்டா. படிச்சவன் நீ எதுக்கு இருக்கிற?

ரெண்டாவது, உழவுக்கு டிராக்டர் கூப்பிட்டா என்ன பண்றோம்? ஓட்டுன நேரத்துக்குக் காசு குடுத்துட்டு அனுப்பிடுறோம். வருசம் பூரா களத்துல நிறுத்தி வாடகை குடுக்கிறமா? மேட்ச் சீசன் வந்தா கட்டு, முடிஞ்ச அன்னிக்கே வெட்டு. ஒரே நேரத்துல நாலு ஆப்பு வேணாம். ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போ. காடு மாத்தி மேய்க்கிற ஆடுதான் கொழுக்கும்.

மூணாவது, ஓசின்னு வந்தா ஒரு தடவை நின்னு, 'நாளைக்கு எம்மாம்?'னு கேளு. பொண்ணு பாக்கப் போனா குடுக்கிற காப்பி ஓசிதான். கல்யாணச் செலவு ஓசி இல்ல.

கடைசியா ஒண்ணு. கூரை மேல ஒரு தட்டை ஒரே தடவை வாங்கி வச்சா, டிடி ஃப்ரீ டிஷ்ல மாசக் காசு இல்லாமப் பாக்கலாம். நம்ம நாட்டுல நடக்கிற இந்தியா அணியோட ஒரு நாள் ஆட்டம், 20 ஓவர் ஆட்டத்தை எல்லாம் தனியார் சேனல்காரன் தூர்தர்சனோட பங்கு போட்டுக்கணும்னு 2007லயே சட்டம் இருக்கு. ஐபிஎல் அதுல வராது. வராட்டி என்ன? அதை நான் உன் போன்ல, உன் தோளுக்குப் பின்னால நின்னு பாத்துக்குறேன். எனக்கு எந்த ஆப்பும் பில்லு போட முடியாதுல்ல?

சிரிச்சது போதும், எழுந்திரு. ஆட்டோபேவை நிறுத்து. அந்த 299ஐ உன் கைக்காசுலேருந்து எடுத்து உங்கம்மா கையில குடு. பாத்திரச் சத்தம் தானா அடங்கும். உளுந்தூர்பேட்டையில பொறந்தவன் மூட்டையை அவுத்துப் பாக்காம காசு எண்ணக் கூடாதுடா.