பாறை எங்கே, அண்ணே?

கிள்ளானில் ஒரு பட்டறை. சனிக்கிழமை காலை. தூக்கிவைத்த பிக்கப் வண்டியின் அடியில் பையன் மல்லாந்து கிடக்கிறான். வண்டிக்காரரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொடுத்த தே தாரேக்கை ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார். அவர் முன்னால் இரண்டு ஜோடி இரும்பு. ஒன்று சைடு ஸ்டெப், மற்றது ராக் ஸ்லைடர். எதைப் போடுவது? அரை மணி நேரமாக முடிவாகவில்லை. தேங்காய் வாங்குகிற மாதிரி இரண்டையும் மாறி மாறிச் சுண்டிப் பார்க்கிறார்.

"அண்ணே, ஸ்டெப்புன்னா காலை வைக்க. ஸ்லைடர்னா வண்டியையே கல்லு மேல வைக்க" என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

பையன் சொன்னது சரி. சைடு ஸ்டெப் என்பது பெரும்பாலும் அலுமினியம், இல்லாவிட்டால் மெல்லிய குழாய். சில பிராக்கெட்டுகளில் தொங்கும். ஆள் ஏறி இறங்கத் தாங்கும், வண்டியைத் தாங்காது. காட்டில் ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்தால் அது மேல்நோக்கி மடிந்து கதவின் அடிவிளிம்பையும் நசுக்கிவிடும். அப்புறம் கதவு திறந்தால் அதிர்ஷ்டம். தாழத் தொங்குவதால், மேடு கடக்கும்போது வண்டியின் வயிறு இடிக்காமலிருக்க இருந்த கொஞ்ச இடைவெளியையும் அதுவே தின்றுவிடும். ஸ்லைடர் வேறு ரகம். கனத்த இரும்புக் குழாயை நேராக சேசிஸில் போல்ட் போட்டோ வெல்டிங் வைத்தோ இறக்குவார்கள். இரண்டு டன் வண்டி அதன்மேல் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போகலாம். அதற்கு அடியில் ஹை-லிஃப்ட் ஜாக்கைக் கொடுத்து வண்டியையே தூக்கலாம். சிலவற்றில் பின்முனை கொஞ்சம் வெளியே வளைந்திருக்கும்; மரத்தை ஒட்டித் திரும்பும்போது வண்டியின் பின்பக்கத்தை அந்த வளைவு தள்ளிவிட்டுக் காப்பாற்றும்.

நம் நாட்டுக் காட்டில் அதற்கு வேலை இருக்கிறது. 1993இல் கேமல் டிராபி என்ற ஃபோர்வீல் போட்டி சபா காட்டுக்கு வந்தது. 1997 முதல் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் நடக்கிறது. ஊரெல்லாம் மழை நிற்கக் கும்பிடுகிற பருவமாகப் பார்த்துத் தேதி குறிக்கிற போட்டி அது. அங்கே சேற்றுக்குள் என்ன கட்டை கிடக்கிறது, ஆற்றுக்குள் என்ன கல் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆட்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அவர்களுடைய ஸ்லைடரைப் பார்த்தால் தெரியும்: பெயிண்ட் இருக்காது, தழும்புதான் இருக்கும்.

அண்ணனும் ஸ்லைடரைத்தான் தேர்ந்தெடுத்தார். கறுப்புப் பூச்சு, மினுமினுப்பு. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். மாட்டிப் பார்த்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஸ்லைடர் உடம்போடு ஒட்டி உயரத்தில் நிற்கிறது. அண்ணியால் ஏற முடியாது. ஆகவே ஸ்லைடருக்குக் கீழே ஒரு படியைத் தொங்கவிடச் சொன்னார். அதாவது பாறையில் முதலில் முட்டுகிற இடத்தில் ஒரு படி, அந்தப் படிக்கு மேலே பாறைக்கென்று வாங்கிய இரும்பு. பையன் வாயைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டால் கூரையில் ஹெலிகாப்டர் விசிறிகூட மாட்டிக்கொடுக்கிற தொழில் அது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படி ஏறுகிறவர்தான் அண்ணன். சொந்த வண்டியில் ஏறத்தான் 273ஆவது படி தேவைப்பட்டது.

சரி, பாறை எங்கே, அண்ணே?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பாறைக்குப் பஞ்சமில்லை. பத்துமலையே சுண்ணாம்புப் பாறைதான். மெலாவத்தி பக்கம் போனால் கிள்ளான் கேட்ஸ், பல கிலோமீட்டர் நீளத்துக்குப் படிகக்கல் முதுகு. இரண்டிலும் எந்த வண்டியும் ஏறாது. அண்ணன் தினமும் போகிற ஃபெடரல் ஹைவேயில் கல் கிடையாது, முன்னால் நிற்கிற வண்டியின் பின்விளக்கு உண்டு. வாரக் கடைசியில் மாமாக் கடை. மாதம் ஒருமுறை மால், மூன்றாவது மாடி பார்க்கிங். அவர் வண்டி கடந்த மிகக் கரடுமுரடான நிலப்பரப்பு தாமானின் வேகத்தடை. அதையும் பக்கத்துத் தெருக்காரர்கள் அனுமதியில்லாமல் போட்டது.

இந்த இரும்பை இழுக்கவும் டீசல் வேண்டும். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே இரவில் 3.35க்கு ஏறியது. மாமாக் கடையில் அண்ணன் அழுத அழுகைக்கு இழவு வீடு தோற்றது. தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவி என்று அரசாங்கம் சொன்னதும் அன்றைக்கே விண்ணப்பப் பாரம் நிரப்பினார். வாழ்க்கைச் செலவு தாங்க முடியவில்லையாம். ஒன்பது வருட லோனில் எடுத்த வண்டியில், ஒரு தடவைகூடப் பயன்படாத இரும்பை ஏற்றிக்கொண்டு அதைச் சொல்கிறார்.

ஒரு தடவைகூட என்றது தப்பு. பயன்படுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில்.

பிரிக்ஃபீல்ட்ஸ் 2010 அக்டோபர் 27ஆம் தேதியிலிருந்து லிட்டில் இந்தியா. இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து திறந்துவைத்தார்கள். நீரூற்று, வளைவு, வண்ண விளக்கு எல்லாம் வந்தன. அதற்கு வெகு காலம் முன்பே, 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் வேர்விட்டது. பிள்ளைகள் இங்கே வந்து படித்தார்கள், தொழில் கற்றார்கள், உடம்பு பிடித்துவிடும் கடைகளில் உட்கார்ந்து சம்பாதித்தார்கள். கோலாலம்பூரில் வெள்ளைக்கோல் சத்தம் அதிகம் கேட்கிற தெருக்கள் இவை. நடைபாதைகளில் மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். நீளக் கோடு என்றால் நட. புள்ளி என்றால் நில், கவனி. பாதத்தால் படிக்கிற எழுத்து.

அந்த எழுத்தின்மேல் அண்ணன் தன் வண்டியை நிறுத்துகிறார்.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு வந்தவர். "அஞ்சு நிமிசம்தான்" என்பார். இரண்டு சக்கரம் ரோட்டில், இரண்டு சக்கரம் நடைபாதையில். ஏறும்போது விளிம்புக்கல்லில் ஸ்லைடர் லேசாக உரசுகிறது, அண்ணன் முகத்தில் ஒரு பெருமிதம். கொடுத்த காசுக்கு வேலை செய்கிறதே! இறங்கிக் குனிந்து பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார். அவர் காலுக்கு அடியில் மஞ்சள் ஓடு விரிந்து கிடக்கிறது. அதை அவர் பார்க்கவே இல்லை. கண் இருக்கிறது, ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் பரிசோதனைகூடச் செய்திருக்கிறார்.

இதைப் பார்க்கிங் தப்பு என்று எழுதிவைத்திருப்பது எவ்வளவு நாசூக்கு! நடக்கிற ஆளைக் கழுத்தைப் பிடித்து ரோட்டில் தள்ளினால் அடிதடி வழக்கு. இரண்டு டன் இரும்பைக் குறுக்கே வைத்துத் தள்ளினால் சம்மன். அதுவும் அதிகாரி அந்தப் பக்கம் வந்தால். வந்தாலும் என்ன, சம்மனுக்கு எப்படியும் ஒரு நாள் கழிவு அறிவிப்பார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருப்பார்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2008இல் ஒரு சட்டம் வந்தது. பொது இடம், பொதுப் போக்குவரத்து, எல்லாவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமாக நுழைய உரிமை உண்டு என்று அழகாக எழுதியிருந்தது. மறித்தவனுக்கு என்ன தண்டனை என்று புரட்டிப் பார்த்தவர்கள் கை ஓய்ந்தார்கள். உரிமை உண்டு, தண்டனை இல்லை. வழுக்குகிற அலுமினியப் படி மாதிரி: பார்க்கப் பளபளப்பு, நம்பிக் கால் வைத்தால் மடியும். ஆனால் அதே சட்டத்தின் 41ஆவது பிரிவைப் பாருங்கள். இந்தச் சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செய்த, செய்யத் தவறிய காரியங்களுக்காக அரசாங்கத்தின்மேலும் அமைச்சர்மேலும் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பு. நல்ல கனத்த குழாய், நேராக சேசிஸில் வெல்டிங். கிள்ளான் பட்டறைகள் எல்லாம் சேர்ந்தாலும் இவ்வளவு உறுதியான ராக் ஸ்லைடரைச் செய்ய முடியாது.

எனக்குப் படி என்ற சொல்லைக் கேட்டால் தோட்டத்து லாரி நினைவுக்கு வரும். திருவிழாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுதான் வண்டி. விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பால் மரத்துக்குப் போய்த் தேய்ந்த கால்கள், அந்த லாரியில் ஏற வேண்டும். படி கிடையாது. பாட்டி சேலையை வரிந்துகொண்டு டயரில் ஒரு கால் வைப்பாள். மேலிருந்து ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, கீழிருந்து ஒருவர் இடுப்பைத் தாங்க, ஏறிவிட்டுச் சிரிப்பாள். வெட்கம்தான். தோட்டத்தை ஆண்ட துரையின் வண்டியில் கால் வைக்க இரும்புப் பலகை இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், யாரும் மிதித்ததில்லை. இப்போது தோட்டங்கள் தாமானாகிவிட்டன. கித்தா மரம் நின்ற புக்கிட் ராஜாவில் 2019இல் டொயோட்டா ஆலையே திறந்தது. துரையும் போய்விட்டார். பலகையை மட்டும் அண்ணன் எடுத்துக்கொண்டார். அவருடைய பிக்கப்பின் பின்தட்டில் வேலைக்குப் போகிற வங்காளதேசத்துப் பையன்கள் இன்றும் டயரில் கால் வைத்துத்தான் ஏறுகிறார்கள். அழகாக இருக்கிற படி முன்கதவுக்கு மட்டும். சேற்றுக் காலோடு அதில் ஏறக்கூடாது என்று அண்ணன் முதல் நாளே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் பொய்யன். 2021 டிசம்பர் 18. ஒரு மாதத்துக்கான மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்வீடுகள் முழுகி, ஜனங்கள் மாடியிலும் கூரையிலும் நின்று கை காட்டினார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. உதவி வரத் தாமதமானபோது படகு வைத்திருந்தவன் படகோடு வந்தான், ஃபோர்வீல் வைத்திருந்தவன் அதோடு வந்தான். சேறு அப்பிய, கதவு நெளிந்த, காட்டுக்குப் போய்வந்த வண்டிகள். அந்தத் தழும்பு விழுந்த ஸ்லைடர்களில் கிழவிகள் ஏறினார்கள், கைக்குழந்தைகள் ஏறின, ஒரு தடவை நாயும் ஏறியது. யாரும் காலைக் கழுவிவிட்டு ஏறு என்று சொல்லவில்லை. தன் வண்டி 800 மில்லிமீட்டர் தண்ணீரைத் தாண்டும் என்று மாமாக் கடையில் கைவிரித்து அளந்து காட்டுகிற அண்ணனோ, மேகம் கறுத்ததுமே வண்டியை மேம்பாலத்துக்கு ஏற்றிவிட்டார். வாட்ஸ்அப்பில் மட்டும் "பத்திரமாக இருங்கள்" என்று கும்பிடு போட்டார்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மத்தியானம். இலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் அதே மாதிரி ஒரு வண்டி, மஞ்சள் ஓட்டின்மேல் குறுக்காக. வெள்ளைக்கோலோடு ஒரு பெரியவர் வந்தார். வேகமான நடை, வழி தெரிந்த நடை. கோல் போய் வண்டியின் பக்கவாட்டில் இடித்தது. நின்றார். நகர்த்தி இன்னொரு தட்டு தட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மேல இருக்கிறது கெட்டி இரும்பு" என்றார், பக்கத்தில் நின்ற என்னிடம். "கீழ இருக்கிறது அலுமினியம். ஏமாத்திட்டான்லா."

உள்ளே அண்ணன் இரண்டாவது தடவை ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் கோலால் விளிம்புக்கல்லைத் தேடி, ரோட்டில் இறங்கினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.