கிரிட்ஸ் வெந்ததா, வெந்தனவா?

ஆய்வுப் பொருள்: காய்ந்த மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்து, நான்கு பங்கு தண்ணீரில் கட்டி தட்டாமல் கிளறிய கூழ். அமெரிக்கத் தென்மாநிலங்களில் காலை வேளை முட்டைக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பரவியிருக்கும். பெயர் கிரிட்ஸ். இதற்கு உப்பும் வெண்ணெயுமா, சர்க்கரையா என்பது குடும்பங்களைப் பிரிக்கும் வழக்கு. நாம் அதில் தலையிடவில்லை; ஒருமையா, பன்மையா என்பதே நம் வினா.

1. இலக்கணச் சான்று: ஈற்று 'ஸ்' பன்மை விகுதி என்பாரும் உளர். அதைக் களைந்தால் சொல் மணற்பொடியைக் குறித்துவிடும், பல்லுக்கு ஆகாது. நன்னூலார் வழியில் 'பால்பகா அஃறிணைப் பெயர்' எனலாமே என்றால், அப்போது வெந்தது, வெந்தன இரண்டும் சரி. அது சமாதானம், ஆய்வாகாது.

2. வேதியியற் சான்று: பழங்குடியினர் மக்காச்சோளத்தைச் சாம்பல் காரநீரில் வேகவைத்துத் தோல் நீக்கினர். அப்போதுதான் அதிலுள்ள நியாசின் என்னும் வைட்டமின் உடம்பில் சேரும். பின்னால் வந்தோர் சோளத்தை எடுத்துக்கொண்டு சாம்பலை விட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோளத்தையே நம்பிய தென்மாநில ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது. குறை உணவில்தான் என்று நிறுவ 1914 முதல் மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர் போராடினார். நம் வினாவுக்கு இதில் விடையில்லை; சாம்பலின் அருமை தெரிந்தது.

3. நீதிமன்றச் சான்று: 1992-இல் வந்த 'மை கசின் வின்னி' படத்தில், ஐந்தே நிமிடத்தில் சமைத்தேன் என்ற சாட்சியின் வாக்குமூலம், கிரிட்ஸ் வேக இருபது நிமிடம் ஆகுமே என்ற குறுக்கு விசாரணையில் குழைந்துபோகிறது. கல்லில் அரைத்ததாயின் முக்கால் மணி நேரமும் ஆகலாம். வழக்கறிஞர் நேரத்தைக் கேட்டார், எண்ணிக்கையைக் கேட்கவில்லை.

4. அரசாணைச் சான்று: ஜார்ஜியா 2002-இல் இதைத் தன் அதிகாரபூர்வச் சமைத்த உணவாக அறிவித்தது. எத்தனை என்று அங்கும் சொல்லவில்லை.

5. களச் சான்று: தென் கரோலினாவின் செயின்ட் ஜார்ஜ் ஊரில் உலக கிரிட்ஸ் திருவிழா நடக்கும். தொட்டி நிறைய கிரிட்ஸ். போட்டியாளர்கள் அதில் விழுந்து புரள்வார்கள். யார் மேல் அதிகம் ஒட்டியதோ அவருக்குப் பரிசு. அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? புரள்வதற்கு முன்னும் பின்னும் ஆளைத் தராசில் ஏற்றி.

முடிபு: பன்மையாயின் எண்ணியிருப்பார்கள், நிறுத்தார்கள். ஆகவே ஒருமை. கிரிட்ஸ் வெந்தது என்க.