மூன்று சக்கர உபாசகர்

பழையதைப் போற்றும் மனிதர்கள் உலகத்தில் பலவகைப்பட்டவர்கள். தபால் தலை சேர்ப்பவருக்கு ஓர் ஆல்பம் போதும். நாணயம் சேர்ப்பவருக்குப் பூட்டுள்ள பெட்டி ஒன்று போதும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில், மிச்சிகன், ஒஹாயோ, பென்ஸில்வேனியா முதலிய குளிர் மிகுந்த மாகாணங்களில், ஐம்பது வயதைக் கடந்து, தலை நரைத்து, குடும்பப் பொறுப்புக்களையும் ஒருவாறு நிறைவேற்றிவிட்ட கனவான்களுள் ஒரு சாராருக்கு வாய்த்திருக்கும் பக்தியோ, காரைப் பனியில் நிறுத்திவிட்டு, அந்தக் காருக்கென்றே கட்டிய கொட்டகை முழுவதையும் தனக்கு ஒழித்துத் தரும்படி கேட்கும் பக்தி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய, காடுமேடுகளில் ஓடும் மூன்று சக்கர மோட்டார் வண்டியே இவர்களுடைய இஷ்ட தெய்வம்.

அந்தத் தெய்வத்தின் ஸ்தல புராணத்தை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், கொட்டகைக்குள் கால் வைத்தவர்களுக்கு உபாசகர் சொல்லியே தீருவார். பனிக்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடுகிறதே, அந்தப் பருவத்திலும் விற்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டுமே என்று ஹோண்டா கம்பெனியின் அமெரிக்கக் கிளையார் முறையிட, ஒஸாமு தகேயூச்சி என்ற இஞ்சினீயர் யோசித்து யோசித்துப் படைத்த வண்டி 1970-ஆம் ஆண்டில் ‘யூ.எஸ். 90’ என்ற நாமத்துடன் அவதரித்தது. இஞ்சின் 89 ஸி.ஸி. சக்கரங்களுக்கு ஸ்பிரிங் என்ற வஸ்து அறவே கிடையாது. சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டுக்கு மேல் காற்றடிக்கக் கூடாத பருத்த டயர்களே குலுக்கலையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியவை. அடுத்த ஆண்டே ஜேம்ஸ் பாண்டு சினிமா ஒன்றில் அது தலைகாட்டிற்று என்று சொல்லும்போது, அந்தப் படத்தில் தாமும் நடித்ததுபோல உபாசகர் சற்று நிமிர்ந்துகொள்வார்.

புராணத்தின் உத்தர காண்டத்தை மட்டும் அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இறுகப் பூட்டியவை. திரும்பும்போது ஒன்று மெதுவாகவும் மற்றொன்று வேகமாகவும் சுழல வழியில்லை. ஆகவே ஓட்டுகிறவர் தம் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்துத்தான் வண்டியைத் திருப்பியாக வேண்டும். அந்தச் சாஸ்திரம் தெரியாதவரை வண்டி பாரபட்சமின்றிக் கவிழ்த்துவிடும். நிலை தடுமாறும்போது, மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினாலோ, சொந்த வண்டியின் பின் சக்கரமே அந்தக் கால்மீது ஏறி இறங்கும். விபத்துக்கள் பெருகின, குழந்தைகள் பலர் அடிபட்டனர், மாண்டனர், சர்க்கார் வழக்குத் தொடுத்தது, 1988-ல் கோர்ட்டார் அங்கீகரித்த உடன்படிக்கையின்படி கம்பெனிகள் மூன்று சக்கரத்தை விற்பதையே நிறுத்தின. 2008-ல் வந்த சட்டம் புதிதாக எவரும் விற்பதற்கும் வழியடைத்தது. ‘இனிமேல் பிறக்கப்போவதில்லை’ என்ற இந்த நிலைமையே உபாசகருடைய பக்திக்கு மூலாதாரம். கடையில் கிடைக்கும் பொருளுக்கு உபாசகர் எதற்கு? வாடிக்கைக்காரர் போதுமே!

வண்டி அவர் கைக்கு வந்து சேரும் விதமே தனி. எங்கேயோ ஒரு குடியானவர் காலமாகி, அவருடைய பிள்ளைகள் வைக்கோல் கொட்டகையை ஒழிக்கும்போது, கோழி எச்சமும் முப்பது வருஷத்துத் தூசியும் போர்த்துக்கொண்டு ஒரு மூலையில் அது கிடக்கும். அதைக் கண்ட மாத்திரத்தில் உபாசகருக்கு மார்பு படபடக்கும். ஆயினும் முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல், டயரைக் காலால் இரண்டு தட்டுத் தட்டி, இழுகயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்து, அது அசையாததைக் கண்டு உதட்டைப் பிதுக்கி, இதை இரும்புக் கடைக்குக் கொண்டுபோகும் கூலிகூடத் தேறாது போலிருக்கிறதே என்று அநுதாபத்தோடு பேசத் தொடங்குவார். பேரம் முடிந்து, வண்டியை வீட்டுக் கொட்டகையில் இறக்கி, கதவையும் சாத்திய பிற்பாடுதான் அவருடைய முகம் மலரும்.

இவருக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. உடைந்ததை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கி மாட்டுவது பணமுள்ள எந்த மூடனும் செய்யக்கூடிய காரியம். உடைந்ததையே செப்பனிட்டு, அது பிறந்த இடத்திலேயே மீண்டும் பொருத்துவதுதான் புனருத்தாரணம். கார்புரேட்டர் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சாயலில் செய்த போலி ஒன்று சந்தையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதை நினைவூட்டுகிற நண்பரை உபாசகர் பரிதாபத்தோடு பார்த்துவிட்டு, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு, பழைய பெட்ரோல் அரக்காக உறைந்து அடைத்துக்கொண்ட ஜெட்டின் மயிரிழைத் துவாரத்தை மெல்லிய கம்பி கொண்டு திறந்து, அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அப்பாலிருந்து ஓர் ஒளிப்புள்ளி தெரியும்போது பரம திருப்தி அடைவார். மாட்டிய பிறகும் வண்டி கிளம்பாது. ஏனெனில் காற்று வடிகட்டும் பெட்டிக்குள் சுண்டெலி ஒன்று சந்ததி சந்ததியாகக் குடும்பம் நடத்தியிருப்பது அதன் பின்னரே தெரியவரும்.

இத்தகைய சாத்வீகருக்கும் ஜன்ம விரோதி ஒருவன் உண்டு. அவனை இவர் கண்டதில்லை, பெயரும் அறியார். அவன்தான் வண்டியின் முன்னாள் சொந்தக்காரன். வண்டியின் ஒவ்வோர் அங்கத்தைக் கழற்றும்போதும் அவனுடைய கைவரிசை வெளிப்படும். வெளிப்படும்போதெல்லாம் கொட்டகையிலிருந்து ஓர் உறுமல் கேட்கும். ஜப்பானிய ஸ்க்ரூவின் தலையில் உள்ள கூட்டல் குறி போன்ற பள்ளம், பார்வைக்கு அமெரிக்க ஸ்க்ரூவின் பள்ளமாகவே தோன்றினாலும், அளவில் நூலிழை வேறுபட்டது. அமெரிக்கத் திருப்புளியை வைத்து வலுவாகத் திருகினால் அது பிடிக்காமல் மேலே எழும்பி, பள்ளத்தையே கடைந்து வட்டமாக்கிவிடும். இந்தச் சூட்சுமம் அறியாத முன்னாள் சொந்தக்காரன் ஒரு ஸ்க்ரூவையாவது விட்டுவைத்தானா? இல்லை. மரை தேய்ந்த துவாரத்தில், அதைவிடப் பெரிய போல்ட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறான். விரிசல் கண்ட மட்கார்டைத் தகரத் துண்டு வைத்து இறுக்கியிருக்கிறான். ஃபிரேமில் வெல்டிங் விட்டுப்போன இடத்தைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கிறான். சிவப்பு வண்டிக்கு, வேலியடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டைப் பூசியிருக்கிறான். “இவன் மனிதனா?” என்று உபாசகர் கேட்பார். கொட்டகையில் வேறு எவரும் இராததால் விடை கிடைக்காது.

அவன் செய்த ஒவ்வொரு தீவினைக்கும் இவர் ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார். கெட்டுப்போன மரையைத் துளைத்தெடுத்துவிட்டு, உள்ளே எஃகுக் கம்பிச் சுருளைத் திணித்துப் புது மரை உண்டாக்குகிறார். குதித்துக் குதித்து வளைந்துபோன ஆக்ஸிலை இரண்டு கட்டைகளின்மேல் கிடத்தி, அளவுமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஹைட்ராலிக் பிரஸ்ஸால் அமுக்கி நிமிர்த்துகிறார். துருவேறிய சாமான்களைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அமிழ்த்தி, பாட்டரி சார்ஜரால் மின்சாரம் செலுத்தித் துருவைக் கழற்றுகிறார். கிழிந்த மட்கார்டை, அதே ஜாதிப் பிளாஸ்டிக்கில் சீவிய துணுக்குகளை வைத்துப் பற்றவைப்புக்கோலால் உருக்கி ஒட்டி, நுண்ணிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, வெயிலில் வெளுத்த சிவப்பை அனல் காற்றுக் காட்டி மீட்கிறார். சிலிண்டருக்குள் இறுகிப்போன பிஸ்டனுக்கோ, அஸிடோனும் ஆட்டோமாடிக் கியர் எண்ணெயும் சமபாகம் கலந்த கஷாயம் ஒன்று உண்டு. அதை ஸ்பார்க் பிளக் துவாரத்தின் வழியே ஊற்றிவிட்டு, தினந்தோறும் காலையில் காப்பி அருந்துவதற்கு முன்னால் சென்று ஒரு திருகு திருகிப் பார்ப்பார். அது ஒரு நூல் அசைந்துவிட்ட அன்றைக்கு வீட்டில் யாருக்கும் எந்தக் கோரிக்கையும் மறுக்கப்படமாட்டாது. அசைந்த பிறகு சிலிண்டரைக் கடைந்து, கால் மில்லிமீட்டர் பெருத்த புதிய பிஸ்டனைத்தான் போட வேண்டியிருக்கிறது. சித்தாந்தத்துக்கு இது விரோதமல்லவா என்று கேட்டால், அன்றைக்குக் காது சற்று மந்தமாகிவிடும்.

அவருடைய பத்தினி பொறுமையில் பூமாதேவி. சமையலறைச் சூட்டடுப்பில் பெயிண்ட் பூசிய இஞ்சின் மூடியைக் காயவைத்ததை மன்னித்தாள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கார்புரேட்டர் இருந்ததையும் மன்னித்தாள். ஆனால் வண்டி எப்பொழுது ஓடும் என்று அவள் கேட்டால், வசந்த காலத்தில் என்று இவர் சொல்லுவதும், எந்த வருஷத்து வசந்தம் என்று அவள் கேட்பதும், அந்த வீட்டில் வாடிக்கையாகிவிட்டன. இதற்கிடையில், ஒரு சின்னஞ்சிறு பிடிக்காக மற்றொரு செத்த வண்டியை வாங்க வேண்டியிருக்கும். அதையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தால், முதல் வண்டியைக் காட்டிலும் அது நல்ல ஸ்திதியில் இருப்பது புலனாகும். நல்லதைப் பிரித்துக் கெட்டதற்குப் போடுவது அதர்மம் அல்லவா? ஆகவே கொட்டகையில் வண்டிகள் இரண்டாகும், முதல் வண்டியின் பிடிக் குறையோ தீராது. மூன்றாவதைத் தேடிப் புறப்பட வேண்டியதுதான்.

எப்படியோ ஒரு வசந்தத்தில் அந்தச் சுபதினமும் வந்துவிடுகிறது. இழுகயிற்றைச் சுண்டி இழுக்க, வண்டி இருமி, நீலப் புகை கக்கி, மூன்று தலைமுறைச் சுண்டெலிகளின் படுக்கையில் மிஞ்சியதை அண்டை வீட்டாரின் துணிக்கொடிமேல் தூவிவிட்டு, படபடவென்று உயிர் பெறுகிறது. உபாசகரின் கண்கள் கலங்குகின்றன, புகையினால் என்கிறார். பிறகு தலைக்கவசமும் கையுறையும் முழங்கால் கவசமும் தரித்து, முதல் கியரில், தம் வீட்டுப் புல்தரையை நடைவேகத்தில் ஒரு பிரதட்சிணம் செய்கிறார். முந்தின இரவு பெய்த மழையில் தேங்கிய தண்ணீர் ஓரிடத்தில் குறுக்கிடுகிறது. சேறு தெறித்துவிடுமே என்று சுற்றிக்கொண்டு போகிறார். சேற்றுக்கும் மணலுக்கும் பனிக்குமென்றே பிறந்த வண்டி, துடைத்த கண்ணாடியின் பளபளப்போடு கொட்டகைக்குத் திரும்பி, போர்வைக்குள் புகுந்துகொள்கிறது.

இவ்வளவு ஆசாரமான மனிதர் பாலியத்தில் எப்படி இருந்தார் என்று விசாரித்தால்தான் விஷயம் ருசிக்கிறது. அவருக்குப் பதினான்கு வயதில் தகப்பனார் புத்தம் புதிய மூன்று சக்கரம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதை அவர் மிச்சிகன் ஏரிக்கரையின் சில்வர் லேக் மணல் மேடுகளிலிருந்து பாயவிட்டார். குளத்தில் மூழ்கடித்து மறுநாள் கயிறு கட்டி இழுத்தார். கழன்ற போல்ட்டுக்குப் பதில் ஆணியை வளைத்து மாட்டினார். அண்ணனுடைய அமெரிக்கத் திருப்புளியால் எல்லா ஸ்க்ரூக்களையும் கடைந்தார். குளத்துக் கறை தகப்பனார் கண்ணில் படாதிருக்க, கையில் கிடைத்த பெயிண்டைப் பூசினார். பிறகு காலேஜ் சம்பளத்துக்காக, இந்தியானாவிலிருந்து வந்த எவருக்கோ அதை விற்றார். இவற்றையெல்லாம் அவர் நினைவுகூரும்போது முகத்தில் குற்ற உணர்ச்சியின் சாயல்கூடக் காண முடியாது. பாலிய லீலை என்கிற பரவசந்தான் தெரியும்.

அந்த வண்டி அழிந்திருக்க நியாயமில்லை. இந்தியானாவில் ஏதோ ஒரு கொட்டகையில், இதே வயதுள்ள, இதே நரை கண்ட மற்றோர் உபாசகர் மண்டியிட்டு, வளைந்த ஆணியொன்றைக் குறட்டால் பிடுங்கிக்கொண்டே, “இவன் மனிதனா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். தம் பாவத்தைத் தாமே கழுவுவதென்றால் மனிதனுக்கு உற்சாகம் பிறப்பதில்லை. பிறன் பாவம் என்று எண்ணிக்கொண்டுவிட்டாலோ, அஸிடோனும் உப்புத்தாளுமாக ஆயுள் பரியந்தம் உழைக்கிறான். என்றைக்காவது ஒருநாள் பழஞ்சாமான் சந்தையில் இவ்விருவரும் சந்திக்கத்தான் போகிறார்கள். சந்தித்தால், ஒருவர் மற்றவரை இன்னாரென்று அறியாமலே தோளைத் தட்டிக்கொண்டு, முன்னாள் சொந்தக்காரர்கள் என்ற அந்தச் சண்டாளக் கூட்டத்தை ஒரே குரலில் வைது தீர்த்துவிட்டு, ஆளுக்கொரு பிடியை மாற்றிக்கொண்டு, பரம சிநேகிதர்களாக வீடு திரும்புவார்கள்.